கால்வாய்ப் படகு வாங்கும் முன் லாக்குகளைப் போய்ப் பாருங்கள்

இங்கிலாந்தில் வாடகை கட்டிக் கட்டி அலுத்துப்போய், "பேசாமல் ஒரு படகை வாங்கிக் கால்வாயிலேயே குடியிருந்துவிடலாமா?" என்று யோசிக்கிற நம் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் இந்த ஆறு மாதத்தில் என்னிடம் விவரம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதைவிட, எனக்கு நடந்ததை முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் வாங்கியபோது படகைப் பற்றிச் சொல்ல ஆள் இருந்தது. எஞ்சினை எப்படிப் பார்ப்பது, அடித்தகட்டில் துரு எவ்வளவு இருக்கலாம், எந்த அடுப்பு நல்லது என்று எல்லாம் சொன்னார்கள். அந்தப் படகு மிதக்கப் போகிற கால்வாய் எந்த நிலைமையில் இருக்கிறது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பணம் போனதும் தூக்கம் போனதும் அங்கேதான்.

நான் நர்ஸ். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர், ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் சட்ரஸை, அதாவது மதகின் பலகைக் கதவை, தூக்குவதும் இறக்குவதும் அவர் வேலை. அதனால் மதகு, கலிங்கு, கசிவு எல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த சொற்கள். 2016இல் இங்கே வந்தேன். வூஸ்டரில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 850 பவுண்டு வாடகை, அதற்கு மேல் கவுன்சில் வரி, கரண்ட், கேஸ். 2023 வசந்தத்தில், ஏழு வருஷச் சேமிப்பைப் போட்டு ஒரு நேரோபோட் வாங்கினேன். 50 அடி நீளம், ஏழடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். 2003இல் கட்டிய இரும்புப் படகு, விலை 38,500 பவுண்டு. உள்ளே ஒரு கட்டில், சமையல் மேடை, குளியல், நிலக்கரி அடுப்பு. இனி வாடகையே இல்லை என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. இன்றைக்கும் அந்தப் படகில்தான் இருக்கிறேன்.

முதலில் வழக்கமான செலவைச் சொல்லிவிடுகிறேன். கால்வாயில் படகு வைத்திருக்க ஆண்டு லைசன்ஸ் எடுக்க வேண்டும், எனக்கு அது 1,100 பவுண்டுக்கு மேல் வருகிறது. நிரந்தரமாகக் கட்டிவைக்க ஓர் இடத்தை வாடகைக்கு எடுக்காமல் நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து தனியாகக் கூடுதல் கட்டணம். முதல் ஆண்டு 5 சதவீதம், 2028இல் 25 சதவீதம் ஆகும்படி படிப்படியாக ஏற்றுகிறார்கள். அப்படி நகர்கிறவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். இன்சூரன்ஸ் எனக்கு 190. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், அதற்கு 220 ஆயிற்று. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து அடிப்பாகத்துக்குத் தார் போன்ற கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டும், போன முறை 950 பவுண்டு. டீசல், கரி, கேஸ் சிலிண்டர், எஞ்சின் சர்வீஸ் எல்லாம் சேர்த்து முதல் ஆண்டில் 6,300 பவுண்டு என் கையைவிட்டுப் போனது. வாடகையோடு ஒப்பிட்டால் இதுவும் லாபம்தான். ஆனால் "வாடகையே இல்லை" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் கேளுங்கள். இதில் எதிர்பாராத ரிப்பேர் ஒன்றுகூட இல்லை.

இனி லாக்குக்கு வருகிறேன். மேடு ஏற வேண்டிய இடத்தில் கால்வாயை ஒரே சரிவாக வெட்ட முடியாது, தண்ணீர் ஓடிவிடும். அதனால் படி படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு முனையிலும் மரக்கதவு வைத்த ஒரு கல் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அதுதான் லாக். படகைத் தொட்டிக்குள் விட்டு, பின்கதவைச் சாத்தி, மேல் மதகைத் திறந்தால் தொட்டி நிரம்பும், படகு உயரும். மேல்மட்டமும் தொட்டியும் சமமானதும் முன்கதவு திறக்கும், வெளியே போய்விடலாம். இங்கே இதையெல்லாம் செய்ய ஊழியர் வரமாட்டார். எல் வடிவில் வளைந்த ஓர் இரும்புக் கைப்பிடி, வின்ட்லஸ் என்பார்கள், அதை நாமே கையில் வைத்துக்கொண்டு மதகைச் சுற்றித் தூக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்பா செய்த வேலை அதே மாதிரி என் கைக்கு வந்து சேர்ந்தது. முதல் தடவை அந்தப் பல்சக்கரம் கடகடவென்று ஏறிய சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி அப்பாவுக்கு அனுப்பினேன்.

வூஸ்டரிலிருந்து பர்மிங்காம் போகும் கால்வாய் 1815இல் முடிந்தது. 30 மைலில் 58 லாக். அதில் டார்டிபிக் என்ற இடத்தில் மட்டும் இரண்டேகால் மைலுக்குள் தொடர்ச்சியாக 30 லாக், 220 அடி ஏற்றம். இந்த நாட்டிலேயே நீளமான லாக் வரிசை அதுதான். கதவுகள் ஓக் மரம், ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை. ஒரு கதவு சுமாராக 25 ஆண்டு தாங்கும். எல்லா லாக்கும் ஒரே அளவில் இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துத்தான் கதவு செய்ய வேண்டும். பிராட்லி, ஸ்டான்லி ஃபெரி என்ற இரண்டு இடங்களில் அதற்கான பட்டறைகள் இருக்கின்றன. ஒரு கதவு உடைந்தால் நாளைக்கே இன்னொன்று வராது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2024 அக்டோபர் மூன்றாவது வாரம். பர்மிங்காமில் எனக்குப் புது வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை 28ஆம் தேதி சேர வேண்டும். அங்கே ஒரு படகுத்துறையில் நவம்பர் முதல் மார்ச் வரை குளிர்கால இடத்துக்கு 1,450 பவுண்டு முன்பணம் கட்டிவிட்டேன். நவம்பரில் தொடங்கி மார்ச் வரை லாக்குகளைத் திட்டமிட்டு மூடி ரிப்பேர் பார்ப்பது இங்கே வழக்கம். அதற்கு முன் மேலே ஏறிவிட வேண்டும் என்பது என் கணக்கு. கூட வருவதாகச் சொன்ன தோழிக்கு டியூட்டி மாறிவிட்டது, தனியாகக் கிளம்பினேன். கிளம்புவதற்கு முதல்நாள் அந்த வரிசையை நடந்தே பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது, மழை என்று விட்டுவிட்டேன். அந்த இரண்டு மணி நேர நடை எனக்கு எல்லாவற்றையும் காட்டியிருக்கும். எந்தக் கதவிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது, எந்த மதகின் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, இரண்டு லாக்குக்கு நடுவிலிருக்கும் தண்ணீர் எங்கே அரையடி குறைந்து கரையில் ஈரக்கோடு தெரிகிறது, எல்லாம் கரையில் நடந்தாலே கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். எதிரே இறங்கி வரும் படகுக்காரரிடம் "மேலே எப்படி இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், உட்காரவைத்துச் சொல்வார்கள்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்குள் பாதிக்குமேல் ஏறிவிட்டேன். அதில் இரண்டு லாக்குகள் முழுசாக நிரம்பவே இல்லை. பின்கதவு இரண்டும் சேருமிடத்தில் இடைவெளி, மேலிருந்து வருகிற தண்ணீர் அதே வேகத்தில் கீழே போய்க்கொண்டிருந்தது. மேல்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் இருக்கும்போதே நின்றுவிடும், இரண்டு அங்குல வித்தியாசம் இருந்தாலும் கதவை யானை வந்து தள்ளினாலும் நகராது. முதுகைக் கொடுத்து அரை மணி நேரம் நின்றேன். அடுத்த லாக்கில்தான் வினை. படகைக் கீழே கட்டிவிட்டு, காலியாக இருந்த தொட்டியின் கீழ்க்கதவைத் திறக்கத் தள்ளினேன். பாதி வந்தது. அப்புறம் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கதவின் தலையைக் கல்லோடு சேர்த்துப் பிடித்திருந்த இரும்புப் பட்டை தெறித்துவிட்டது, கதவு அப்படியே முன்பக்கம் சாய்ந்து நின்றது. கதவைத் தள்ள நான் பிடித்திருந்த நீளக் கட்டை கையைவிட்டு ஒரு சாண் நகர்ந்தது. படகு தொட்டிக்குள் இருந்திருந்தால், நான் அந்தக் கட்டைக்கு மறுபக்கம் நின்றிருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் நடு இரவில் வருகிறது.

கால்வாய் நிர்வாகத்தின் அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். காலையில் ஆள் வந்து பார்ப்பார்கள், அதுவரை இருந்த இடத்திலேயே இருங்கள் என்றார்கள். பேசியவர் தன்மையாகத்தான் பேசினார். ஆனால் நான் இருந்த இடம் இரண்டு லாக்குக்கு நடுவே நூறு மீட்டர்கூட இல்லாத குட்டிக் குளம். லாக்குகளுக்கு நடுவிலுள்ள சின்னத் தேக்கத்தில் ராத்திரி தங்கக்கூடாது என்பது இங்கே அனுபவப்பட்ட எல்லோருக்கும் தெரிந்த விதி. எனக்கும் தெரியும். பின்னால் போய் இறங்க, தனி ஆளாக, இருட்டும் நேரத்தில் தைரியம் வரவில்லை. படகு ஆடாமல் இருக்கட்டும் என்று முன்னும் பின்னும் கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினேன். அடுப்பில் கரி போட்டுவிட்டு, ரசம் சோறு சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

இரண்டரை மணிக்குத் தட்டு உடைகிற சத்தம். கண்ணைத் திறந்தால் நான் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறேன். படகு சாய்ந்திருந்தது. எழுந்து நின்றால் கால் வழுக்குகிறது, மேசை மேலிருந்த லேப்டாப் தரையில், அதன் மேல் குடிதண்ணீர் ஜக். அடுப்பின் கதவு தானாகத் திறந்து கரி விளிம்பில் நிற்கிறது. டார்ச்சை எடுத்து வெளியே அடித்தேன். கால்வாயைக் காணோம். நடுவில் ஓர் ஓடை மாதிரி கொஞ்சம் தண்ணீர், இரண்டு பக்கமும் மினுமினுக்கிற கறுப்புச் சேறு, சேற்றில் பழைய சைக்கிள் ஒன்றின் சக்கரம். நான் கட்டிய கயிறுகள் வீணைத் தந்தி போல முறுக்கேறி, கரைப்பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்தன. மறுபக்கம் தாழ்ந்துகொண்டே போகிறது.

அவசர எண் அடித்துக்கொண்டே இருந்தது. இந்தியாவில் காலை ஏழு மணி என்று எப்படியோ நினைவு வந்து அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் பதறவில்லை. "கயித்த மொதல்ல தளத்து பாப்பா. கயிறுதான் இப்ப ஒன்ன கவுக்கப் பாக்குது" என்றார். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. சமையல் கத்தியால் பின்கயிற்றை அறுத்தேன், படகு தொப்பென்று ஓரடி இறங்கி உட்கார்ந்தது. முன்கயிற்றையும் அறுத்ததும் சாய்வு பாதியாகிவிட்டது. அடுப்புக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டேன். "இரும்பு வெடிச்சுரும், காத்த அடை" என்றார். கதவைச் சாத்தி, காற்றுத் துளைகளையும் மூடினேன். அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். "தண்ணி வத்துதுன்னா எங்கயோ போவுது. வர்ற வழிய பாக்காத, போற வழிய பாரு. கீழ் மதவுல எதாவது சிக்கியிருக்கும்."

கரைமேல் ஏறி, நான் சாயங்காலம் கடைசியாகக் கடந்துவந்த லாக்குக்கு நடந்து போனேன். மதகை நான் இறக்கித்தான் விட்டிருந்தேன், அதைத் தூக்கும் பல்தண்டும் கீழேதான் இருந்தது. ஆனால் தொட்டிக்குள் தண்ணீர் குமுறிக்கொண்டே இருந்தது. மதகுப் பலகைக்கு அடியில் ஒரு மரத்துண்டு சிக்கி, இரண்டு விரல்கடை இடைவெளி. அதுவரை என் தவறு, பல்தண்டு இறங்கியதைப் பார்த்தேனே தவிர, தண்ணீர் அடங்கியதா என்று நின்று பார்க்கவில்லை. மதகை இரண்டு தடவை தூக்கி இறக்கினேன், மரத்துண்டு உருவிக்கொண்டு போனது, குமுறல் நின்றது. ஆனால் சத்தம் முழுசாக நிற்கவில்லை. முன்கதவுக்கு அடியிலும் ஓரத்திலும் கயிற்றுக் கனத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது, பின்கதவும் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. மரத்துண்டு இல்லாவிட்டாலும் விடியும்போது அந்தக் குளம் பாதியாகத்தான் இருந்திருக்கும். மதகை இறக்கியதும் வெளிப்பக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நில்லுங்கள், குமுறல் அடங்கினால்தான் மதகு மூடியிருக்கிறது. தங்குமிடத்தில் கயிற்றை எப்போதும் ஓரடி தளர்த்தியே கட்டுங்கள். தலைமாட்டில் டார்ச்சும் கத்தியும் இருக்கட்டும். மேலே இருக்கும் தேக்கத்திலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் படகு மிதக்கும்தான், ஆனால் கேட்காமல் செய்யாதீர்கள். ஒரு குறுகிய லாக் நிரம்ப ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும், சென்னைத் தண்ணீர் லாரி பத்துப் பன்னிரண்டு. மேலே இன்னொருவர் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

விடியும் வரை கரையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். சம்பளம் வாங்காத தொண்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வாரம் இரண்டு நாள் இந்த லாக்குகளைப் பார்த்துக்கொள்கிறார். என்னை ஒரு தடவை பார்த்தார், பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து முதலில் டீ ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் கேட்டார், "உன் அடுப்பில் சாம்பல் இருக்கிறதா?" வாளியில் மூன்று நாள் சாம்பல் ஆறிக் கிடந்தது. அவர் முதலில் மேலே போனில் பேசி அனுமதி வாங்கி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். குளம் நிரம்பத் தொடங்கியதும் கசிகிற கதவின் மேற்பக்கத்தில், கதவை ஒட்டி, சாம்பலைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினார். சாம்பல் ஒரு நொடி மிதந்து, சுழன்று, விரிசலை நோக்கித் தானே இழுபட்டு உள்ளே போனது. மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். கயிறு போல வந்த தண்ணீர் விரல் கனமாகி, நூலாகி, அப்புறம் சொட்டாகிவிட்டது. அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். "நாங்க வைக்கோலும் களிமண்ணும் போடுவோம்" என்றார். பெரியவரிடம் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன், அவர் கேமராவைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார்.

அந்த லாக் 19 நாள் மூடிக் கிடந்தது. நானும் அங்கேயே கிடந்தேன். குடிதண்ணீர் பிடிக்கவும் கழிப்பறைப் பெட்டியைக் காலிசெய்யவும் வரிசையின் உச்சிக்குத்தான் போக வேண்டியிருந்தது. இரண்டு பத்து லிட்டர் கேன்களைக் கைவண்டியில் வைத்து ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவேன். அடுத்த வாரம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றியதும் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. வேலையில் ஒரு வாரம் தள்ளிச் சேர அனுமதி கிடைத்தது, அந்த வாரச் சம்பளம் போனது. அப்புறம் அதிகாலை டாக்சி பிடித்து ப்ரோம்ஸ்குரோவ் ஸ்டேஷன், அங்கிருந்து ரயில். ஒருநாள் டியூட்டியில் ஒரு நோயாளிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது தூக்கத்தில் கண் செருகியது. அன்றைக்குத்தான் நான் உண்மையில் பயந்தேன்.

பதினைந்தாம் நாள் ஒரு தானியங்கி மெயில் வந்தது. 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கிறீர்கள், நகருங்கள் என்று. கதவு உடைந்த அன்றே போனில் சொல்லியிருந்தேன், ஆனால் எழுத்தில் எதுவும் என்னிடம் இல்லை. அதைச் சரிசெய்ய நான்கு போன், ஒரு நாள் லீவு. அதனால் சிக்கிக்கொண்ட அன்றைக்கே தேதி தெரிகிற படங்களோடு ஒரு மெயில் அனுப்பி, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கால்வாய் மூடல் அறிவிப்புகள் மெயிலில் வரும்படி பதிவு செய்துகொள்ளலாம், காசு கிடையாது. நான் அந்த மாதம்வரை செய்யவில்லை.

செலவுக் கணக்கு இது. டாக்சி 208 பவுண்டு, ரயில் 160. பயன்படுத்தாத குளிர்கால இடத்துக்கு விகிதப்படி 180 போயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு வாரச் சம்பளம் 520. லேப்டாப்பும் பாத்திரங்களும் 540, என் இன்சூரன்ஸில் வீட்டுச் சாமான் சேரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சேற்றில் உட்கார்ந்ததில் சுக்கான் அதன் கிண்ணத்திலிருந்து எகிறி வளைந்திருந்தது. படகைத் தூக்கி வெல்டிங் செய்ய 720 ஆயிற்று. இன்சூரன்ஸ் கொடுத்தது போக என் பங்கு 250, அடுத்த ஆண்டு பிரீமியம் 35 ஏறிவிட்டது. மொத்தம் 1,893 பவுண்டு, நம்மூர்ப் பணத்தில் இரண்டு லட்சம். லைசன்ஸ் கட்டணத்தில் அந்த 19 நாளைக் கழித்துத் தருவீர்களா என்று எழுதிக் கேட்டேன். தரவில்லை. படகு வாங்குகிறவர்கள் விலை போக 3,000 பவுண்டாவது தொடாமல் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இந்தக் கணக்கிலிருந்துதான். இன்சூரன்ஸில் தரைதட்டுவதும் உள்ளிருக்கும் சாமானும் சேர்ந்திருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால், படகு எங்கே சிக்கினாலும் நடந்துபோகிற தூரத்தில் ரயிலோ பஸ்ஸோ உள்ள கால்வாயாகப் பாருங்கள்.

கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. சாம்பல் தூவிய பெரியவர் மேல் வரவில்லை, போனில் பேசிய பெண் மேலும் வரவில்லை. கால்வாய்களுக்கு வரும் பணத்தின் கணக்கைப் படிக்கப் படிக்கத்தான் வந்தது. 2012இல் அரசு இந்தக் கால்வாய்களில் பெரும்பாலானவற்றை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அரசு மானியம் ஆண்டுக்கு சுமார் 5.26 கோடி பவுண்டு. 2027இலிருந்து பத்து ஆண்டுக்கு மொத்தமாக 40 கோடியளவு, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும்படி முடிவாகியிருக்கிறது. விலைவாசி ஏறுகிறது, கதவுகளுக்கு வயதாகிறது, மானியம் இறங்குகிறது. அந்த இடைவெளி படகுக்காரரின் லைசன்ஸில் ஏறுகிறது, ஏறியும் கதவு கசிகிறது. மரம் செதுக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், தண்ணீரைக் காக்க ஓய்வூதியக்காரர்கள் இலவசமாக வருகிறார்கள். 1946இல், இந்தக் கால்வாய்கள் எல்லாம் தூர்ந்துபோய்க்கொண்டிருந்த காலத்தில், அவற்றைக் காப்பாற்ற ராபர்ட் ஐக்மேனும் டாம் ரோல்ட்டும் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அவர்கள் முதலில் சந்தித்துப் பேசியது டார்டிபிக்கில் கட்டிக்கிடந்த ரோல்ட்டின் படகில்தான், மேல் லாக் பக்கத்தில் அதற்கு நினைவுக்கல் இருக்கிறது. தண்ணீர் கேனோடு அந்தக் கல்லைக் கடக்கும்போதெல்லாம், எண்பது வருஷத்துக்கு முந்திய அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை என்று தோன்றும். லைசன்ஸ் ஏறுவதைப் பற்றி மட்டும் புகார் எழுதாமல், உங்கள் தொகுதி எம்பிக்கு மானியத்தைப் பற்றியும் எழுதுங்கள். நான் எழுதினேன், பதில் வந்தது.

பர்மிங்காமுக்கு நவம்பர் நடுவில் போய்ச் சேர்ந்தேன். இரும்புப் பட்டையைத் தற்காலிகமாகப் பற்றவைத்து எங்களை விட்டார்கள், குளிர்கால மூடலின்போது கதவையே மாற்றினார்கள். ஏப்ரலில் ஒரு லீவு நாளில் ரயிலேறிப் போய் அந்த வரிசையை மேலிருந்து கீழே நடந்து பார்த்தேன். புதுக் கதவு இன்னும் மரநிறத்தில் இருக்கிறது, மேல்கட்டையில் ஆண்டு பொறித்திருக்கிறார்கள். கை வைத்துத் தள்ளினேன், ஒரு விரல் அழுத்தத்துக்கு நகர்ந்தது. அதற்குக் கீழுள்ள லாக் அப்படியேதான் இருக்கிறது. கதவின் விரிசலில் பெரணி முளைத்திருக்கிறது, சாம்பல் கரைந்து தண்ணீர் மறுபடி விரல் கனத்தில் வருகிறது. பெரியவர் அன்றைக்கு டியூட்டியில் இருந்தார். நான் பையைத் திறந்து காட்டினேன், அந்தக் குளிர்காலம் முழுக்கச் சேர்த்த சாம்பல். இருவருமாகக் கதவோரம் மண்டியிட்டு, சத்தம் அடங்கும் வரை தூவிக்கொண்டிருந்தோம்.